அவள் யோசிப்பது நம் கண்ணில் படுகிறதா?

மேடையில் ஒருவர் அழுவதைக் காட்டலாம், கோபத்தில் கொதிப்பதைக் காட்டலாம், வாளெடுத்துப் பாய்வதையும் காட்டலாம். ஒருவர் யோசிப்பதைக் காட்டுவதுதான் கடினம். யோசனைக்கு ஓசையும் கிடையாது, அசைவும் கிடையாது. அதனால்தான் பழைய நாடக ஆசிரியர்கள் பாத்திரத்தைத் தனியே நிறுத்தி வாய்விட்டுப் பேச வைத்தார்கள். யோசிப்பவள் ஒரு பெண்ணாக இருந்துவிட்டால் இன்னொரு கடினமும் சேர்ந்துகொள்கிறது. அவள் அறிவுள்ளவள் என்று மற்றவர்கள் சொல்லி நாம் கேட்டுக்கொள்வதோடு பெரும்பாலான நாடகங்கள் நின்றுவிடுகின்றன. அந்த அறிவு எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது, எந்தக் கணத்தில் ஒரு முடிவுக்கு வருகிறது என்பதையெல்லாம் கண்முன்னே விரித்துக் காட்டும் படைப்புகள் மிகக் குறைவு.

இந்தக் குறைவான படைப்புகளைத் தேடித்தான் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஓராண்டுக் காலம் நாடகம், பாலினம், பெண்ணின் அறிவு வாழ்க்கை ஆகிய மூன்றும் சந்திக்கும் நூல்களை வரிசையாக வாசித்தோம். நாடகங்களைப் பாத்திரம் பிரித்துக்கொண்டு உரக்க வாசித்தோம். கட்டுரை நூல்களைத் தனித்தனியே படித்துவிட்டு வந்து பேசினோம். நான் மேடையில் பார்த்ததை இங்கே எழுதவில்லை. அச்சில் படித்ததையும் வாய்விட்டு வாசித்ததையும்தான் எழுதுகிறேன். ஒவ்வொன்றிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றே: இதில் வரும் பெண் யோசிப்பது நம் கண்ணில் படுகிறதா, அல்லது அவள் அறிவாளி என்ற செய்தி மட்டும் நமக்கு வந்து சேருகிறதா?

முதலில் எடுத்துக்கொண்டது ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் வெளியிட்ட ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’, அதாவது ‘தனக்கென ஓர் அறை’. 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு மகளிர் கல்லூரிகளில், நியூனமிலும் கர்ட்டனிலும், அவர் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்த நூல் இது. பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குச் சொந்தமாகப் பணமும் ஓர் அறையும் வேண்டும் என்ற கருத்துக்காகவே இந்த நூலை எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு என்று தொகையையும் அவர் சொல்லிவிடுவதால் அந்தக் கருத்து எளிதாக நினைவில் தங்கிவிடுகிறது. ஆனால் நூலின் உண்மையான சிறப்பு அந்தக் கருத்துக்குப் போய்ச் சேரும் வழியில்தான் இருக்கிறது. ‘ஆனால்’ என்ற சொல்லோடு தொடங்கும் நூல் அது. கேள்வி கேட்டவர்கள் குறுக்கிட்டுவிட்டதுபோலவும், அவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்குவதுபோலவும் முதல் வரியே அமைந்திருக்கிறது. பேசும் பெண் ஆற்றங்கரையில் உட்கார்ந்து யோசிக்கிறாள்; தூண்டிலில் ஒரு சிறு மீன் அகப்படுவதுபோல ஓர் எண்ணம் அகப்படுகிறது. அந்தப் பரபரப்பில் எழுந்து வேகமாகப் புல்வெளியில் நடக்கிறாள். உடனே கல்லூரிக் காவலர் ஒருவர் எதிரே வந்து கையசைக்கிறார்: புல்வெளி கல்லூரியின் ஆண் அறிஞர்களுக்கு, பெண்களுக்குச் சரளைப் பாதை. அவள் பாதைக்குத் திரும்புகிறாள், அதற்குள் அந்த மீன் ஒளிந்துகொண்டுவிடுகிறது. சற்று நேரத்தில் நூலகத்தின் கதவிலும் அதே கதைதான். கல்லூரி அறிஞர் ஒருவர் துணைக்கு வர வேண்டும், அல்லது அறிமுகக் கடிதம் வேண்டும்.

இந்தப் பகுதியை மூன்று முறை படித்தேன். ஒரு பெண்ணின் சிந்தனை எப்படித் தடைபடுகிறது என்பதை வாதமாகச் சொல்லாமல், தடைபடும் கணத்தையே நமக்கு அனுபவமாக்கிவிடுகிறார். அந்த எண்ணம் என்னவாக இருந்தது என்று கடைசிவரை அவர் சொல்வதில்லை. அதைச் சொல்லியிருந்தால் இந்தப் பகுதி இத்தனை வலுவாக இருந்திருக்காது.

நாடகத்தோடு இந்த நூலுக்கு உள்ள உறவு மூன்றாம் அத்தியாயத்தில் வெளிப்படுகிறது. ஷேக்ஸ்பியருக்கு அவரைப் போன்றே திறமைசாலியான ஒரு தங்கை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வுல்ஃப் கற்பனை செய்கிறார். ஜூடித் என்று அவளுக்குப் பெயர் வைக்கிறார். பள்ளிக்கு அனுப்பப்படாத அவள் திருமணத்துக்குப் பயந்து லண்டனுக்கு ஓடுகிறாள், நாடகக் கொட்டகையின் வாசலில் நின்று நடிக்க வேண்டும் என்கிறாள், ஆண்கள் சிரிக்கிறார்கள், இரக்கம் காட்டிய ஒருவனால் கருவுற்று, ஒரு குளிர்கால இரவில் தற்கொலை செய்துகொள்கிறாள். இங்கிலாந்தின் மேடையில் தொழில்முறை நடிகைகள் தோன்றியதே 1660-இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தச் சிரிப்பின் கொடுமை இன்னும் உறைக்கும். அதுவரை பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள். ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வழக்கறிஞர் உடையில் நீதிமன்றத்துக்கு வந்து வாதாடும் போர்ஷியாவைக்கூடப் பெண் வேடமிட்ட ஒரு சிறுவன்தான் மீண்டும் ஆண் வேடமிட்டு நடித்தான். ஷேக்ஸ்பியர் எழுதியவற்றுள் மிகச் சிறந்த வாதத்திறன் கொண்ட பெண்ணின் குரலை, அந்நாளில் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து யாரும் கேட்டதில்லை.

நூலில் குறையும் உண்டு. வுல்ஃப் கேட்கும் பணமும் அறையும் எந்தப் பெண்ணுக்கு என்ற கேள்வி நெருடிக்கொண்டே இருக்கிறது. நூலில் பேசுபவளுக்கு அந்த ஐந்நூறு பவுண்டு அத்தையின் சொத்தாக வருகிறது. அந்த அத்தை பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவர். குடியேற்ற ஆட்சியின் செல்வம் அந்த அறைக்கு எப்படி வாடகை கட்டுகிறது என்று நூல் நின்று கேட்பதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் இந்த இடத்தில்தான் கை வைத்தார். அறை இருக்கட்டும், தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத அடிமைப் பெண்ணாக இருந்து கவிதை எழுதிய ஃபிலிஸ் வீட்லியை எங்கே வைப்பது என்று அவர் கேட்ட கேள்விக்கு வுல்ஃபின் நூலில் விடை இல்லை. ஆயினும் இந்தக் குறையோடேயே வாசிக்க வேண்டிய நூல் இது. இந்தத் துறையில் பின்னால் வந்த நூல்கள் பல இதனோடு பேசிக்கொண்டோ சண்டையிட்டுக்கொண்டோதான் வளர்ந்திருக்கின்றன.

அடுத்து வாசித்ததுதான் எங்கள் நால்வரையும் பேச்சிழக்கச் செய்தது. சூசன் கிளாஸ்பெல் எழுதிய ‘ட்ரைஃபிள்ஸ்’, அற்ப விஷயங்கள் என்று பொருள்படும் ஓரங்க நாடகம். 1916 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ப்ராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில், படகுத்துறையில் அமைந்திருந்த ஒரு சிறு அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பட்டது; திருமதி ஹேல் என்ற பாத்திரத்தை கிளாஸ்பெல்லே ஏற்றார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, அயோவாவில் செய்தியாளராக இருந்தபோது, கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு விவசாயியின் மனைவியின் வழக்கை அவர் பத்திரிகைக்காக எழுதியிருக்கிறார். அந்த வழக்கின் நிழல் நாடகத்தின் மேல் விழுந்திருக்கிறது.

கதை இவ்வளவுதான். ஜான் ரைட் என்ற விவசாயி தூக்கத்தில் கழுத்தில் கயிறு இறுக்கிக் கொல்லப்பட்டிருக்கிறான். மனைவி மின்னி சிறையில் இருக்கிறாள். வீட்டிலேயே துப்பாக்கி இருந்தும் கயிற்றால் ஏன் கொல்ல வேண்டும் என்பது யாருக்கும் புரியவில்லை. அரசு வழக்கறிஞரும் ஷெரீப்பும் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹேலும் தடயம் தேடி வருகிறார்கள். ஷெரீப்பின் மனைவியும் ஹேலின் மனைவியும் மின்னிக்கு வேண்டிய துணிமணிகளை எடுத்துப்போக உடன் வருகிறார்கள். ஆண்கள் அடுக்களையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். இங்கே சமையலறைச் சாமான்களைத் தவிர ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கொலை நடந்த மாடிக்கும் பிறகு தொழுவத்துக்கும் போய்விடுகிறார்கள். பெண்கள் அடுக்களையிலேயே நிற்கிறார்கள்.

இனி நடப்பது முழுக்க யோசனை; ஆனால் அவர்கள் யோசிக்கிறார்கள் என்று நாடகம் ஒருமுறைகூடச் சொல்வதில்லை. மேசையின் ஒரு பாதி துடைக்கப்பட்டிருக்கிறது, மறு பாதி அழுக்காகவே இருக்கிறது. ரொட்டி டப்பாவுக்கு வெளியே ரொட்டி கிடக்கிறது. வேலைக்காரிகள் இல்லாத வீட்டில் ஒரு பெண் கைவேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தால் என்ன பொருள் என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். பிறகு துண்டுத்துணிகளை ஒட்டித் தைத்துக்கொண்டிருந்த ஒரு போர்வை கிடைக்கிறது. எல்லாத் தையலும் ஒழுங்காக, சீராக இருக்கிறது. கடைசியாகத் தைத்த துண்டில் மட்டும் ஊசி தாறுமாறாக ஓடியிருக்கிறது. அதைப் பார்த்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், உடனே கதவைப் பார்க்கிறார்கள். திருமதி ஹேல் உட்கார்ந்து அந்தக் கோணல் தையலைப் பிரித்துவிட்டுச் சரியாகத் தைக்கத் தொடங்குகிறாள். என்ன செய்கிறாய் என்று மற்றவள் பதறிப்போய்க் கேட்கிறாள். சரியாகத் தைக்கப்படாத ஓரிரு தையலைத்தான் பிரிக்கிறேன் என்று பதில் வருகிறது.

இந்த இடத்தை நாங்கள் உரக்க வாசித்தபோது யாரும் அடுத்த வரிக்குப் போகவில்லை. தடயத்தைப் படித்தல், அதன் பொருளை உணர்தல், அதை அழிப்பது என்ற முடிவுக்கு வருதல், அந்த முடிவைத் தனக்கே ஒப்புக்கொள்ளாமல் கையால் செயல்படுத்துதல் ஆகிய நான்கும் ஒரே ஊசியில் நடந்து முடிகின்றன. இதைவிடத் தெளிவாக ஒரு பெண்ணின் மூளை வேலை செய்வதை நான் எந்த நாடகத்திலும் கண்டதில்லை. பிறகு கதவு முறிந்த ஒரு பறவைக்கூண்டும், தையல் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றி வைத்த, கழுத்து முறுக்கப்பட்ட ஒரு கானரிப் பறவையும் கிடைக்கின்றன. கயிறு ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. அதை இருவருமே வாய்திறந்து சொல்வதில்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருந்த மின்னியைப் பற்றியும், சிறுவயதில் ஷெரீப்பின் மனைவியின் பூனைக்குட்டியைக் கோடரியால் கொன்ற ஒரு பையனைப் பற்றியும், தகோட்டாவில் இரண்டு வயதில் இறந்துபோன அவளுடைய முதல் குழந்தைக்குப் பின் வீட்டில் கவிந்த மௌனத்தைப் பற்றியும்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சின் ஊடாகவே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. அந்தக் காலத்து அயோவாவில் பெண்கள் நீதிமன்ற நடுவர் குழுவில் உட்கார முடியாது என்பதை அறிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய காரியம் என்று புரியும்.

நாடகத்தின் முடிவில், போர்வையை எப்படி முடிக்கப்போகிறாள் என்று மின்னியைப் பற்றி வேடிக்கையாகக் கேட்கும் வழக்கறிஞருக்கு, முடிச்சுப் போட்டு என்று திருமதி ஹேல் விடை சொல்கிறாள். இறந்த பறவை இருக்கும் பெட்டி அப்போது அவள் கோட்டுப்பையில் இருக்கிறது. கயிற்றின் முடிச்சையும் போர்வையின் முடிச்சையும் ஒரே சொல்லில் கட்டிவிடும் இந்த வரி ஆங்கிலத்தில் மிக இயல்பாக விழுகிறது. முடிச்சு என்ற தமிழ்ச் சொல்லும் இரண்டு பொருளையும் தாங்குவதால் மொழிபெயர்ப்பில் இழப்பு அதிகம் இராது.

இதற்கு நேர் எதிரான முனையில் நிற்பது பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேரின் ‘கற்ற மாதர்’. 1672-இல் மேடையேறிய இந்த இன்பியல் நாடகத்தில், இலக்கணப் பிழையோடு பேசியதற்காக வீட்டு எஜமானி ஃபிலமேன்த் சமையற்காரியை வேலையை விட்டுத் துரத்துகிறாள். நான் உயிர்வாழ்வது நல்ல சூப்பினால்தான், அழகிய சொற்களால் அல்ல என்று கணவன் புலம்புகிறான். மேல்மாடியில் இருக்கும் தொலைநோக்கியையும் அப்புறப்படுத்தச் சொல்கிறான். சிரிப்பு வருவது உண்மை, செய்யுளின் நடை மிக லாகவமானது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தொலைநோக்கியின் வழியாக அந்தப் பெண் என்ன பார்த்தாள் என்று அறிய நான் விரும்பினேன், நாடகம் அதையும் கேலியாக்கிவிடுகிறது. இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தின் நாயகி நோராவுக்கு வேறொரு வகையில் இதே நிலைதான். தானே யோசித்துப் பார்க்க வேண்டும் என்று அவள் 1879-இல் கதவைச் சாத்திவிட்டு வெளியேறினாள். அந்த யோசனை தொடங்கும் இடத்தில் திரை விழுந்துவிட்டது.

கேரில் சர்ச்சிலின் ‘டாப் கேர்ள்ஸ்’ 1982-இல் லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் நடிக்கப்பட்டது. பாத்திரங்கள் அனைவரும் பெண்கள். வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றில் பதவி உயர்வு பெற்ற மார்லின் ஓர் உணவகத்தில் விருந்து வைக்கிறாள். விருந்தாளிகள் வேறு வேறு நூற்றாண்டுகளிலிருந்து வருகிறார்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட், பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜப்பானிய அரண்மனைப் பெண் நிஜோ, ப்ரூகலின் ஓவியத்திலிருந்து இறங்கிவந்த க்ரெட், பொறுமையின் உருவமாக இலக்கியம் வார்த்த கிரிசெல்டா, ஆண் வேடத்தில் படித்துப் போப்பாண்டவராகவே உயர்ந்ததாகப் பழங்கதை சொல்லும் ஜோன்.

இந்த நாடகத்தின் அச்சுப்பிரதியைப் படிப்பது தொடக்கத்தில் சிரமமாக இருக்கும். ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் பேசத் தொடங்கும் இடத்தைச் சர்ச்சில் ஒரு சாய்கோட்டால் குறிக்கிறார். சிலர் குறுக்கீட்டைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே போகிறார்கள், சிலர் தம் பேச்சின் இழையை ஒரு பக்கம் தள்ளிப் பிடிக்கிறார்கள். நால்வர் சேர்ந்து வாசித்தபோதுதான் அதன் காரணம் எங்களுக்குப் புரிந்தது. இத்தனை அறிவும் அனுபவமும் உள்ள பெண்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தும் ஒருவர் சொல்வதை மற்றவர் முழுதாகக் கேட்பதில்லை. பன்னிரண்டு வயதில் ஆண் உடை தரித்துக் கல்வி தேடிப் புறப்பட்டதையும், தன் உடலின் மொழியையே மறந்துபோனதால் கருவுற்றதைக்கூட அறியாமல் ஊர்வலத்தின் நடுவில் பிள்ளை பெற்றுக் கல்லடி பட்டதையும் ஜோன் சொல்லும்போது, அந்த மேசையில் முழுக் கவனத்துடன் யாரும் இருப்பதில்லை. விருந்தின் முடிவில் போதையில் அவர் பண்டைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் லத்தீன் வரிகளை ஒப்பிக்கிறார். கற்ற கல்வி அவ்வளவும் ஒருவருக்கும் புரியாத மொழியில் காற்றில் போகிறது. ‘நீலகேசி’ காப்பியத்தில் ஊர் ஊராகச் சென்று பல சமயத்தாரோடு வாதிடும் பெண்ணைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி கூடுதலாக வலிக்கும், ஏனெனில் அங்கே எதிர்த்தரப்பாவது அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்டது.

விருந்துக் காட்சியின் உயரத்தை நாடகத்தின் அலுவலகக் காட்சிகள் எட்டுவதில்லை என்பதே என் கருத்து. ஆனால் மார்லினும் அவள் அக்கா ஜாய்ஸும் சமையலறையில் மோதிக்கொள்ளும் கடைசிக் காட்சி அதை ஈடுசெய்துவிடுகிறது. ஒரு பெண் மேலே போவதற்கு இன்னொரு பெண் எதைச் சுமக்கிறாள் என்ற கணக்கு அங்கே ஈவிரக்கமின்றி வெளிவருகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: விருந்து முழுவதும் தட்டுகளை எடுத்துவரும் பணிப்பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

மார்கரெட் எட்சனின் ‘விட்’ 1995-இல் மேடையேறி 1999-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஐம்பது வயதுப் பேராசிரியர் விவியன் பேரிங், பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் டன்னின் கவிதைகளில் வல்லுநர், முற்றிய சினைப்பைப் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருக்கிறார். தலைமுடி உதிர்ந்த தலையில் ஒரு தொப்பியோடு, மருந்து ஏற்றும் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு, நேரே நம்மைப் பார்த்துப் பேசுகிறார். இங்கே யோசிப்பது தனிமொழியாகவே வருகிறது. ஆனால் பழைய தனிமொழிபோல உணர்ச்சி வெள்ளமாக வராமல், தன் மரணத்தையே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு வரி வரியாக உரை சொல்வதுபோல வருகிறது.

நாடகத்தின் இதயம் என்று நான் கருதுவது மாணவப் பருவத்து நினைவுக்காட்சி ஒன்றை. மரணத்தை நோக்கிப் பேசும் டன்னின் புகழ்பெற்ற சானெட்டை, அதாவது பதினான்கு வரிக் கவிதையை, பற்றி விவியன் எழுதிய கட்டுரையை ஆசிரியை ஆஷ்ஃபோர்ட் திருப்பித் தருகிறார். நீ பயன்படுத்திய பதிப்பே தவறு என்கிறார். கவிதையின் கடைசி வரியில் அந்தப் பதிப்பு ஓர் அரைப்புள்ளியையும் உணர்ச்சிக்குறியையும் பெரிய எழுத்தையும் போட்டு நாடகத்தனம் செய்திருக்கிறது. சரியான பதிப்பில் இருப்பது ஒரேயொரு காற்புள்ளி. வாழ்வையும் நிலைத்த வாழ்வையும் பிரிப்பது ஒரு மூச்சு, ஒரு காற்புள்ளி, அவ்வளவுதான் என்று அந்த முதிய பெண் விளக்குகிறார். நூலின் அட்டையில் தலைப்பையே நடுவில் ஓர் அரைப்புள்ளி வைத்து அச்சிடுவதன் காரணம் அப்போது விளங்கும். இரண்டு பெண்கள் ஒரு நிறுத்தக்குறியைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் அறிவின் மகிழ்ச்சி முழுவதும் நிறைந்திருக்கிறது. மேடையில் இரண்டு பெண்கள் ஆணைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ பேசாமல் ஒரு காற்புள்ளிக்காக இவ்வளவு ஆர்வத்தோடு பேசி நான் இதற்கு முன் படித்ததில்லை. ‘இது வெறும் சொல் சாமர்த்தியம் அல்ல, உண்மை’ என்ற பொருளில் ஆஷ்ஃபோர்ட் சொல்லிவிட்டு, போய் நண்பர்களோடு வெயிலில் இரு என்று அனுப்புகிறார். விவியன் நூலகத்துக்கே திரும்பிப் போகிறாள்.

எனக்கு உறுத்தலும் அங்கேதான் தொடங்குகிறது. அன்பைத் தவிர்த்துவிட்டு அறிவை மட்டும் வளர்த்துக்கொண்டதற்காக அவளை நாடகம் தண்டிக்கிறதோ என்ற எண்ணம் இரண்டாம் பாதியில் வருகிறது. வகுப்பறையில் மாணவர்களிடம் அவள் காட்டிய கடுமை, நோய்ப்படுக்கையில் அவள் வேண்டும் கனிவோடு திரும்பத் திரும்ப எதிரே வைக்கப்படுகிறது. ஆண் அறிஞன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தால் இந்தக் கணக்கு இவ்வளவு கறாராகப் போடப்பட்டிருக்குமா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஆராய்ச்சி மருத்துவர் ஜேசனிடமும் அதே கடுமை இருப்பதை நாடகம் காட்டி விமரிசிக்கிறது என்று ஒரு தோழி வாதிட்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் கடைசியில் வயது முதிர்ந்த ஆஷ்ஃபோர்ட் வந்து, டன்னை வேண்டாம் என்று முனகும் விவியனுக்குச் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக் காட்டும்போது, இரண்டு எண்ணங்கள் ஒருசேர எழுந்தன: நெஞ்சு அடைத்தது, காற்புள்ளியையும் அந்தக் கட்டிலுக்கு அருகே விட்டு வைத்திருக்கலாமே என்றும் தோன்றியது.

டேவிட் ஆபர்னின் ‘ப்ரூஃப்’ 2001-இல் புலிட்சர் பெற்ற நாடகம். நிரூபணம், சான்று ஆகிய இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. மனநோயால் சிதைந்துபோன கணித மேதை ஒருவரைப் பல ஆண்டுகள் பராமரித்த மகள் கேத்தரின், அவர் இறந்த பிறகு ஒரு குறிப்பேட்டைக் காட்டி, அதில் உள்ள நிரூபணத்தைத் தானே எழுதியதாகச் சொல்கிறாள். அவளை விரும்பும் இளம் கணிதவியலாளனும் சொந்த அக்காவுமே அவளை நம்புவதில்லை. ‘முசியே லெ ப்ளாங்’ என்ற ஆண் பெயரில் கணித மேதை காஸுக்குக் கடிதம் எழுதிய பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஸோஃபி ஜெர்மேனைப் பற்றிக் கேத்தரின் பேசும் இடம் அழகானது. ஜெர்மேனின் பெயர் தாங்கிய ஒரு பெரிய பகா எண்ணை மனத்திலிருந்தே அவள் சொல்லிவிடும்போது அவளுடைய கணிதத்தை ஒரு நொடி நேரில் பார்த்துவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு நொடிதான். நிரூபணத்தின் ஒரு வரிகூட நம்மிடம் வருவதில்லை. அது என்ன தேற்றம் என்பதும் மங்கலாகவே இருக்கிறது. விறுவிறுப்பாக வாசிக்கலாம், நல்ல வசனங்கள் உண்டு. என் கேள்வியை வைத்துப் பார்த்தால் இது பாதிக் கிணறு தாண்டிய நாடகம்.

கோட்பாட்டு நூல்கள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸூ-எலன் கேஸ் 1988-இல் வெளியிட்ட ‘ஃபெமினிசம் அண்ட் தியேட்டர்’ சிறிய நூல், தெளிவான நூல். கிரேக்க நாடகத்தின் பெண்களை ஆண்களே எழுதி, ஆண்களே நடித்ததால், அந்தப் பாத்திரங்களில் நாம் காண்பது பெண்ணைப் பற்றிய ஆணின் கற்பனையைத்தான் என்று அவர் வைக்கும் வாதத்தைப் படித்த பிறகு பழைய நாடகங்களைப் பழைய கண்ணால் படிக்க இயலாது. ஜூடித் பட்லரின் ‘ஜெண்டர் டிரபிள்’ 1990-இல் வந்தது. பாலினம் என்பது உள்ளே இருக்கும் ஒரு சாரம் வெளிப்படுவதல்ல, திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்களால் நிலைபெறுவது என்ற அவரது கருத்து முக்கியமானது, நடை கடினமானது. புதிதாகப் படிப்பவர்கள் நாடக ஆய்விதழ் ஒன்றில் 1988-இல் அவர் எழுதிய, இதே கருத்தை மேடையோடு பொருத்திப் பேசும் கட்டுரையிலிருந்து தொடங்குவது நல்லது.

எல்லாவற்றுக்கும் கடைசியாக வாசித்தது, மோலியேரை விட்டுவிட்டால், எல்லாவற்றிலும் பழையது. மெக்சிகோவின் கன்னித்துறவி சோர் ஹுவானா இனேஸ் தெ லா க்ரூஸ் 1691 மார்ச் முதல் நாள் எழுதி முடித்த ‘விடைமடல்’. அவர் நாடக ஆசிரியரும்கூட. 1683-இல் நடிக்கப்பட்ட அவரது ‘ஒரு வீட்டின் இக்கட்டுகள்’ என்ற இன்பியல் நாடகத்தில், கல்விக்காகப் பெயர்பெற்ற லியோனோர் என்ற பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். அதே நாடகத்தில் காஸ்தான்யோ என்ற வேலைக்காரன் லியோனோரின் உடைகளை ஒவ்வொன்றாக மேடையிலேயே அணிந்துகொண்டு பெண்ணாக மாறுகிறான். பெண் என்ற தோற்றம் பாவாடையாலும் கையுறையாலும் எப்படிக் கட்டி எழுப்பப்படுகிறது என்பதைப் பார்வையாளர்களிடமே பேசிப் பேசிக் காட்டும் இந்தக் காட்சி பதினேழாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதை நம்புவது கடினம்.

விடைமடல் பிறந்த கதையே ஒரு நாடகம். ஒரு மதப் பிரசங்கத்தை அவர் விமரிசித்து எழுதியதைப் புவேப்லாவின் ஆயர் தானே அச்சிட்டுவிட்டு, இனி உலகியல் கல்வியைக் குறைத்துக்கொள் என்று அறிவுரைக் கடிதமும் எழுதுகிறார். கையொப்பம் சோர் ஃபிலோதெயா என்ற கன்னித்துறவியின் பெயரில். ஆண் ஒருவர் பெண்ணின் பெயரை முகமூடியாக அணிந்து, பெண் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்கிறார். முகமூடிக்குப் பின்னால் யார் என்று அறிந்தே, அம்மையே என்று விளித்து, மிகுந்த பணிவோடும் அசைக்க முடியாத தர்க்கத்தோடும் சோர் ஹுவானா விடை எழுதுகிறார்.

தன் அறிவின் கதையை அவர் சிறுசிறு நிகழ்ச்சிகளால் சொல்கிறார். மூன்று வயதில் அக்காவின் பின்னாலேயே போய் எழுத்துக் கற்றுக்கொண்டது, பாலாடைக்கட்டி தின்றால் புத்தி மழுங்கும் என்று யாரோ சொன்னதால் அதை விட்டுவிட்டது, குறித்த காலத்துக்குள் பாடம் வராவிட்டால் தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டது, ஆண் உடையில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்படி தாயிடம் கெஞ்சியது எல்லாம் வருகின்றன. மடத்தின் தலைவி ஒருவர் அவரைப் புத்தகத்தைத் தொடக்கூடாதென்று தடுத்த மூன்று மாதங்களைப் பற்றிய பகுதிதான் உச்சம். புத்தகம் இல்லாவிட்டால் என்ன, கடவுள் படைத்தவை எல்லாமே எழுத்துகளாகத் தெரிந்தன என்கிறார். இரண்டு சிறுமிகள் பம்பரம் விடுவதைப் பார்க்கிறார். அது சுற்றும் பாதை வட்டமா சுருளா என்று அறியத் தரையில் மாவைத் தூவச் சொல்கிறார். சுருள் என்று கண்டுகொள்கிறார். சமையலறையில் முட்டை எண்ணெயில் சேர்ந்து கெட்டிப்படுவதையும் சர்க்கரைப் பாகில் சிதறுவதையும் கவனிக்கிறார். அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார் என்று சொல்லிவிட்டு மேலே போகிறார்.

ஆங்கிலத்தில் படிக்க விரும்புவோர்க்கு எலெக்டா அரெனலும் அமாண்டா பவலும் 1994-இல் கொண்டுவந்த இருமொழிப் பதிப்பைப் பரிந்துரைப்பேன். எதிர்ப்பக்கத்தில் ஸ்பானிய மூலம் இருக்கிறது, குறிப்புகள் நிறைவாக இருக்கின்றன. இந்த நூல்களில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, வெளிவந்த காலவரிசையில் போக வேண்டாம் என்பேன். ‘ட்ரைஃபிள்ஸ்’ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு பெண் குரல்கள் இருந்தால் போதும், ஆண்களின் வசனத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை வாசித்த கையோடு, மனம் அந்த அடுக்களையை விட்டு வெளியே வருவதற்கு முன், விடைமடலைத் திறந்து அந்த முட்டையும் பம்பரமும் வரும் பக்கங்களை உரக்கப் படியுங்கள். வுல்ஃபை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘டாப் கேர்ள்ஸ்’ வாசிக்கும்போது சாய்கோடுகளுக்குப் பயந்து ஒருவர் பின் ஒருவராகப் பேசிவிடாமல், குறித்த இடத்தில் துணிந்து குறுக்கிட்டுப் பேசுங்கள். ‘விட்’ நாடகத்தில் ஆஷ்ஃபோர்டின் வசனத்தைப் படிப்பவர் அந்தக் காற்புள்ளியில் மட்டும் மூச்சை நிறுத்தி, பிறகு தொடர வேண்டும்.